மெஷ் வைஃபை வாங்கியாச்சா? கூடவே ஒரு வயரையும் இழுத்துடுங்க!

‘மாடியில நெட் வரலை’ங்கிற புகாருக்கு எங்கள் வீட்டில் கண்ட தீர்வு, இரண்டு பெட்டி கொண்ட மெஷ் வைஃபை. கீழே ஒன்று, மேலே ஒன்று. மாடியில் மொபைல் ஃபுல் சிக்னல் காட்டியது. ஆனாலும் அக்காவின் ஆன்லைன் இன்டர்வியூ பாதியிலேயே உறைந்து நின்றது. குறை பெட்டியில் இல்லை, நாங்கள் இணைத்த விதத்தில் இருந்தது.

சிக்னல் இருக்கு, ஸ்பீடு எங்கே?

மொபைலில் தெரியும் கோடுகள், பக்கத்தில் இருக்கும் பெட்டியின் சிக்னலை மட்டுமே சொல்லும். அந்தப் பெட்டிக்கு நெட் எவ்வளவு வருகிறது என்று சொல்லாது. மொட்டைமாடி டேங்க் எவ்வளவு பெரிசா இருந்தாலும், அதுக்கு ஏறுற பைப் சின்னதுன்னா என்ன பயன்?

கீழ்ப் பெட்டியும் மேல் பெட்டியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாதைக்குப் பெயர் பேக்ஹால். வயர் இல்லாவிட்டால் அதுவும் வைஃபையில்தான் நடக்கும். சாதாரண டூயல் பேண்ட் மெஷ்ஷில், மொபைலுக்குப் போகும் அதே அலைவரிசையில்தான் பெட்டிகளும் பேசிக்கொள்கின்றன. ஒரே டேட்டா காற்றில் இரண்டு முறை பயணிப்பதால், வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நடுவில் கான்கிரீட் தளம் இருந்தால் இன்னும் குறையும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு கான்கிரீட்டைத் தாண்டுவது கஷ்டம்.

‘வயர் வேண்டாம்னுதானே வைஃபை வாங்குறோம், மறுபடியும் வயரா?’ என்று கேட்கலாம். ஆமாம். வயர் வேண்டாதது உங்கள் மொபைலுக்குத்தான், பெட்டிக்கு அல்ல. சரியாகப் போட்ட கேட்5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் வேகத்தைக் கொண்டுபோகும். எத்தனை சுவர் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

எப்படி இணைப்பது?

ஃபைபர் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிள், முதல் மெஷ் பெட்டியின் வேன் போர்ட்டுக்கு. அதன் லேன் போர்ட்டிலிருந்து இன்னொரு கேபிள், மாடிப் பெட்டிக்கு. போர்ட் போதவில்லை என்றால் நடுவில் ஒரு கிகாபிட் சுவிட்ச். ஒரே பெட்டிக்கும் சுவிட்ச்சுக்கும் இடையே இரண்டு கேபிள் மாட்டிவிடாதீர்கள். டேட்டா வட்டமடித்து மொத்த நெட்டும் படுத்துவிடலாம்.

அடுத்தது பலரும் கவனிக்காத விஷயம். நெட் கம்பெனி தரும் ஃபைபர் பெட்டி பெரும்பாலும் தானே ஒரு ரவுட்டர். மெஷ்ஷும் ரவுட்டராகவே ஓடினால் ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க். பழைய பெட்டியில் இருக்கும் பிரிண்டர், சிசிடிவி எல்லாம் புதிய வைஃபையில் இருக்கும் மொபைலுக்குச் சரியாகப் பிடிபடாமல் போகலாம். ஆன்லைன் கேமும் மக்கர் பண்ணும். மெஷ் ஆப்பில் ‘ஏபி மோட்’ மாற்றினால் போதும். அதில் சில மாடல்களில் பேரன்டல் கன்ட்ரோல் போன்ற வசதிகள் போய்விடும். அவை வேண்டுமென்றால், ஃபைபர் பெட்டியை ‘பிரிட்ஜ் மோட்’டில் போடச் சொல்லி நெட் கம்பெனியிடம் கேளுங்கள். எதைச் செய்தாலும் பழைய பெட்டியின் வைஃபையை ஆஃப் செய்துவிடுங்கள்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்

கேபிளுக்குள் எட்டு கம்பிகள் உண்டு. நான்கை மட்டும் இணைத்தால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். எட்டையும் இணைக்கச் சொல்லுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான ரகத்தைத் தவிர்த்து, முழுச் செம்புக் கேபிளாகக் கேளுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க விடாதீர்கள்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதா? தட்டையான கேபிளைச் சுவரோரமாக கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம். அதுவும் முடியாவிட்டால், இரண்டாவது பெட்டியை நெட் வராத அறைக்குள் வைக்காமல், பாதி தூரத்தில் வையுங்கள். நல்ல சிக்னல் வாங்கினால்தானே அது கொடுக்க முடியும்!

வீடு கட்டும்போது ஏசி பாயின்ட், டிவி பாயின்ட், இன்வெர்ட்டர் லைன் எல்லாம் முதலிலேயே யோசிக்கிறோம். வேலை, படிப்பு, இன்டர்வியூ எல்லாம் வீட்டுக்குள் வந்த பிறகும், லேன் கேபிளுக்கு ஒரு காலி பைப் விட மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைப்பதை விட, இப்போதே ஒரு பைப் விடுவது மலிவு.

மூன்றாவது மெஷ் பெட்டி வாங்கக் கிளம்பும் முன், ஒரே ஒரு சோதனை. நீளமான லேன் கேபிளைக் கடன் வாங்கி, மாடிப் பெட்டியில் மாட்டி ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதன் பிறகு மூன்றாவது பெட்டி தேவைப்படவே இல்லை.