காயில்தான் அசலா? போங்க சாமி!

டாட்டூ போடுறவங்க காயில் மெஷினை விட்டு ரோட்டரிக்கு மாறினா போதும், ஒரு கோஷ்டி கிளம்பிடுது. "பாரம்பரியம் போச்சு! ர்ர்ர்னு சத்தம் வராததெல்லாம் ஒரு மெஷினா?"

அண்ணாச்சிகளா, கொஞ்சம் வரலாறு பேசுவோமா? ஆபீஸ் காகிதங்களை நகலெடுக்க எடிசன் 1876-ல் காப்புரிமை வாங்கின மின்பேனாவில் ஊசியை ஓட்டினது சுழலும் குட்டி மோட்டார். அதை ஒட்டித்தான் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி 1891-ல் டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதாவது, முதல்ல வந்ததே ரோட்டரி வழிதான்! பெர்சி வாட்டர்ஸ் இரட்டைக் காயில் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினது 1929-ல். அப்போ எதுங்க பாரம்பரியம்?

காயில்ல ரெண்டு மின்காந்தம் இரும்புப் பட்டையை இழுக்கும், ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். அந்த கனத்தையும் அதிர்வையும் மணிக்கணக்கா தாங்குறது மணிக்கட்டு. ரோட்டரி பெரும்பாலும் லேசு, அதிர்வும் கம்மி.

காயில்ல கோடு நல்லா வருதா? தாராளமா வச்சுக்கோங்க. ஆனா அடுத்தவன் தன் கையைக் காப்பாத்திக்கறதைத் துரோகம்னு சொல்லாதீங்க. கோணக் கோடு போடுற கையை எந்த மெஷினும் திருத்தாது. நல்ல கை போனா, எந்த மெஷினும் திருப்பித் தராது.

சொல்லிட்டேன். திட்டணும்னா வரிசையில வாங்க!