சர்க்கரைத் தீவில் குழம்பு வாசனை!

கரீபியன்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடும்? லாரா, கெயில், நீலக் கடல், தென்னை மரம், ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ ஜாக் ஸ்பேரோ... கரெக்ட்டா? இந்த வாரம் நாம போற தீவுல கடலும் தென்னையும் நிறையவே இருக்கு. ஆனா கிரிக்கெட்டுக்குப் பதில் ஃபுட்பால். 1998 உலகக் கோப்பை அரையிறுதியில ரெண்டு கோல் அடிச்சு பிரான்சை ஃபைனலுக்குத் தூக்கிட்டுப் போன லிலியன் துராம் பிறந்த மண். பெயர் குவாதலூப்.

மேப்புல பார்த்தா, கடல்ல ஒரு பட்டாம்பூச்சி றெக்கை விரிச்சு உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒரு றெக்கை பாஸ்தேர், இன்னொண்ணு கிராந்தேர். நடுவுல ஒரு ஒல்லியான கடல் கால்வாய். இதுல ஒரு காமெடி. ‘பாஸ்தேர்’னா பிரெஞ்சுல தாழ்ந்த நிலம், ‘கிராந்தேர்’னா பெரிய நிலம். ஆனா மலையெல்லாம் இருக்கிறது தாழ்ந்த நிலத்துல. பெரிய நிலம்தான் சைஸ்ல சின்னது! பக்கத்து குட்டித் தீவுகளையும் சேர்த்தா மொத்தம் சுமார் 1,630 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட நம்ம கன்னியாகுமரி மாவட்டம் அளவு. மக்கள்தொகை நாலு லட்சத்துக்கும் குறைவு.

இவ்வளவு சின்ன தீவுக்கு ஏன் ஒரு முழு கட்டுரை? நீங்க கேன்டீன் டீயில போடுற சர்க்கரை இருக்கே, அதோட கசப்பான ஹிஸ்டரி மொத்தமும் இங்கே இருக்கு. அதான்!

கனடா வேண்டாம், கரும்பு போதும்!

இங்கே வாழ்ந்த கரிப் மக்கள் வெச்ச பேர் ‘கருகேரா’. 1493-ல் வந்த கொலம்பஸ், ஸ்பெயின்ல இருக்கிற ஒரு மாதா கோயில் பேரைத் தூக்கி இதுக்கு வெச்சுட்டுப் போயிட்டார். 1635-ல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினாங்க. மண்ணின் மைந்தர்களை விரட்டிட்டு, கரும்பு போட்டாங்க. வெட்டறதுக்கு ஆள்? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள், கப்பல் கப்பலாக.

அந்தக் கரும்பு எவ்வளவு பணம் கொட்டுச்சு தெரியுமா? இங்கிலாந்தோட நடந்த போர்ல குவாதலூப், கனடா ரெண்டையுமே பிரான்ஸ் இழந்தது. 1763-ல் பாரிஸ் ஒப்பந்தம் போட்டப்ப, கனடாவை விட்டுக்கொடுத்துட்டு குவாதலூப்பைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. ஒரு கண்டத்துல பாதி சைஸ் நிலத்தை விட, ஒரு மாவட்டம் சைஸ் கரும்புத் தோட்டம் பெருசாத் தெரிஞ்சிருக்கு!

கொடுத்த சுதந்திரத்தைப் பிடுங்கின கதை

இப்ப கொஞ்சம் சீரியஸ். பிரெஞ்சுப் புரட்சியோட வேகத்துல 1794-ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. குவாதலூப்பில் எட்டு வருஷம் மக்கள் சுதந்திரமா இருந்தாங்க. அப்புறம் நெப்போலியன் வந்தார். 1802-ல் படையை அனுப்பி, ‘எல்லாரும் பழையபடி தோட்டத்துக்குத் திரும்புங்க’ன்னுட்டார். சுதந்திரத்தை ருசி பார்த்தவன் திரும்பவும் கழுத்தை நீட்டுவானா?

லூயி தெல்கிரெஸ், பிரெஞ்சு ராணுவத்துலேயே கர்னலாக இருந்த கலப்பின அதிகாரி. அடிமையாகப் பிறந்தவர் அல்ல. பேசாம இருந்திருந்தா அவருக்கு எந்தப் பிரச்னையும் இல்லை. ஆனா அவர் எதிர்த்து நின்றார். தோல்வி உறுதின்னு தெரிஞ்சதும், 1802 மே 28 அன்று, மத்தூபா மலைச்சரிவில் சுமார் 300 தோழர்களோட வெடிமருந்துக்குத் தீ வெச்சு உயிரை விட்டார். அடிமையா வாழறதை விட இது மேல்னு எடுத்த முடிவு. இந்தப் போராட்டத்துல கலந்துக்கிட்ட சோலிட்யூட் என்ற கர்ப்பிணிப் பெண்ணை, குழந்தை பிறந்த மறுநாளே கொன்னாங்கன்னு சொல்றாங்க.

அடிமை முறை மறுபடி ஒழிய 1848 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. விடுதலை ஆனவங்க சுமார் 87,000 பேர். அடுத்த வருஷம் நஷ்டஈடும் கொடுத்தாங்க. யாருக்கு? அடிமைகளுக்கு இல்லை பாஸ், முதலாளிகளுக்கு!

கப்பல் ஏறின நம்ம ஆளுங்க

விடுதலையான மக்கள் பலர் தோட்டத்துப் பக்கம் தலைவெச்சுப் படுக்க விரும்பலை. கரும்பு வெட்ட ஆள் வேணுமே? பிரான்ஸ் தன் கையில இருந்த புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பிப் பார்த்தது. அஞ்சு வருஷ ஒப்பந்தம், கூலி, சாப்பாடு, முடிஞ்சதும் ஊர் திரும்ப கப்பல்னு ஆசை காட்டினாங்க. 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் கூட்டத்தோட புவாந்தாபித் துறைமுகத்தை அடைந்தது. 1889 வரை சுமார் 42,000 இந்தியர்கள் போய் இறங்கினாங்க. தமிழர்கள் கணிசம். பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போச்சு. ஊர் திரும்பினவங்க? கால்வாசிகூட இல்லை. பலர் அங்கேயே செத்தாங்க. மிச்சம் பேர் அங்கேயே தங்கிட்டாங்க.

தங்கினவங்க பிள்ளைகளுக்கு அடுத்த சிக்கல். ‘நீங்க வெளிநாட்டுக்காரங்க, ஓட்டு கிடையாது’. ஆன்றி சிதம்பரம், 1863-ல் அதே தீவில் பிறந்தவர், 1904-ல் இதுக்காக வழக்கில் இறங்கினார். 1923 வரை, கிட்டத்தட்ட இருபது வருஷம் விடாம போராடி, இந்திய வம்சாவளியினரைப் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்க வெச்சார். பின்னாடி 1981-லிருந்து 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குவாதலூப் எம்.பி.யாக உட்கார்ந்தவர் எர்னெஸ்ட் முத்துசாமி! அந்த நாற்காலிக்குப் பின்னாடி சிதம்பரத்தோட இருபது வருஷம் இருக்கு.

தமிழ் பேசறது போயிடுச்சு. ஆனா ராமசாமி, வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு ஸ்பெல்லிங்ல குடும்பப் பெயரா உயிரோட இருக்காங்க. கபெஸ்தேர் பக்கம் ஷாங்கியில் மாரியம்மன் கோயில் இருக்கு. மதுரை வீரன் அங்கே ‘மல்தெவிலன்’! அர்த்தம் முழுசாத் தெரியாமலே தலைமுறை தலைமுறையா தமிழ்ப் பாட்டு பாடி பூஜை நடக்குது.

சாப்பாட்டு மேட்டர்? தீவோட ஃபேமஸ் டிஷ் ‘கொலம்போ’. மல்லி, சீரகம், மஞ்சள் போட்ட ஆட்டுக்கறியோ கோழியோ. ‘குழம்பு’தான் கொலம்போ ஆச்சுன்னு ஒரு கட்சி, ‘கொழும்பு’ன்னு இன்னொரு கட்சி. எதுவா இருந்தாலும் வாசனை நம்மோடது. அங்கத்திய பெண்களோட பாரம்பரிய உடையில வர்ற கட்டம் போட்ட துணிக்குப் பெயர்? ‘மெட்ராஸ்’!

எங்கெல்லாம் சுத்தலாம்?

* மெமோரியல் ஆக்ட், புவாந்தாபித்: பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்துல 2015-ல் திறந்த அடிமை வரலாற்று மியூசியம். இதைப் பார்த்துட்டு பீச்சுக்குப் போங்க.
* பெத்தி கனால் படிக்கட்டு: ஆப்பிரிக்க இனங்களின் பெயர்கள் பொறிச்ச படிகள்.
* தெல்கிரெஸ் கோட்டை, பாஸ்தேர் நகரம்: நெப்போலியன் படையை எதிர்த்து நின்ன இடம்.
* சூஃப்ரியேர்: 1,467 மீட்டர் உயர எரிமலை. இன்னும் புகையுது! 1976-ல் இது உறுமினப்ப 70,000-க்கும் அதிகமானவங்களை வெளியேற்றினாங்க.
* கார்பே அருவி: நூறு மீட்டருக்கு மேல இருந்து கொட்டுது.

ட்ராவல் டிப்ஸ்: 1946-லிருந்து இது பிரான்சின் ஒரு மாநிலம் மாதிரி. செலவுக்கு யூரோ, பேச்சுக்கு பிரெஞ்சும் கிரியோலும். ஆனா சாதாரண ஷெங்கன் விசா செல்லாது, தனியா வாங்கணும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீசன், உஷார்.

சர்க்கரைக்கு அப்புறம் வந்த வாழையும் ஒரு விலை கேட்டது. வாழைத்தோட்டத்துல தெளிச்ச குளோர்டெகோன் பூச்சிக்கொல்லிக்கு பிரான்ஸ் 1990-ல் தடை போட்டும், இங்கே 1993 வரை விலக்கு. இன்னிக்கு வயது வந்தவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் ரத்தத்துல அந்த விஷத்தோட தடயம் இருக்கு. லாபம் ஒரு இடம், வலி இன்னொரு இடம். கரும்பு போய் வாழை வந்தும் அந்தக் கணக்கு மாறலை.

ஹிஸ்டரி மேஜர் நண்பர்களே, ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் இல்லைன்னு புலம்பறீங்களா? புதுச்சேரி, காரைக்கால் பக்கம்தான் இருக்கு. கப்பல் ஏறினவங்க கதையோட முதல் பாதி அங்கேதான் கிடக்குது. தேடிப் பாருங்க!

அடுத்த வாரம் வேற ஊர்ல மீட் பண்ணலாம். டாட்டா!