நீள அயனுக்குப் பலம் எதற்கு?

"அதெல்லாம் உனக்கு வேண்டாம்மா. 4 அயன்ல பந்தை எழுப்ப ஆம்பளைங்களே திணறுறாங்க. அதுக்குப் பலம் வேணும்." போன வாரம் சென்னையில் ஒரு கோல்ஃப் பயிற்சித் திடலில் பதினாறு வயதுப் பெண்ணிடம் ஒரு பெரியவர் சொன்னது இது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளரும் தலையாட்டினார். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் கிளப்பைப் பைக்குள் செருகினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோல்ஃப் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பேச்சை நம்புகிறார்கள்; மீதிப் பேர் வாயை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். 4 அயன் மாதிரி எண் குறைந்த நீள அயன் பலசாலிக்குத்தான், ஓங்கி அடிக்க வேண்டும், பந்தை அடியிலிருந்து வாரித் தூக்க வேண்டும். மூன்றுமே பொய்.

பலமா? 1949 பிப்ரவரியில் டெக்சாஸ் நெடுஞ்சாலையில் அமெரிக்க கோல்ஃப் வீரர் பென் ஹோகனின் கார்மீது பேருந்து மோதியது. இடுப்பெலும்பு, காறையெலும்பு, கணுக்கால், விலா எல்லாம் முறிந்தன. இனி நடப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. பதினாறு மாதம் கழித்து, 1950 ஜூனில், மெரியனில் அமெரிக்க ஓப்பன். கடைசி நாளில் மட்டும் 36 குழி. கால்களில் கட்டுப் போட்டுக்கொண்டு நடந்தே சமாளித்த அந்த ஒல்லி மனிதர், கடைசிக் குழியில் கையில் எடுத்தது 1 அயன். பந்து கிரீனில் போய் நின்றது. இரண்டு பட்டில் முடித்துச் சமன் செய்தார். மறுநாள் பிளேஆஃபில் 69 அடித்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்.

1 அயன்! இன்றைய 4 அயனைவிட நிமிர்ந்த முகம் அதற்கு. முறிந்து ஒட்டிய இடுப்போடு ஒருவர் அதை அடிக்கலாம். ஓடியாடும் பதினாறு வயதுப் பெண் 4 அயனைத் தொடக்கூடாதாம். இதைச் சொல்கிறவர்களுக்கு வெட்கம் வேண்டாமா?

7 அயனுக்கும் 4 அயனுக்கும் நீளத்தில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம்தான் வித்தியாசம். ஒன்றரை அங்குலத்துக்காக யாரும் பயில்வான் ஆக வேண்டியதில்லை. ஆட்டத்தைக் கெடுப்பது அந்த "தூக்கு" என்கிற உபதேசம்தான். எந்தத் திடலிலும் நின்று பாருங்கள். உடம்பு வலது காலில் சாயும், இடது தோள் வானத்தைப் பார்க்கும், கிளப் பந்துக்குப் பின்னால் தரையில் குத்தும். தப்பித்தவறிக் குத்தாவிட்டால் விளிம்பு பந்தின் தலையில் பட்டு, பந்து தரையோடு தரையாக ஓடும். உடனே "சொன்னேன்ல, பலம் பத்தாது!" என்பார்கள். சொல்லிக் கெடுத்தவரே தீர்ப்பும் சொல்கிறார்.

பந்தை எழுப்புவது கிளப் முகத்தின் சாய்வு; அந்த வேலையை அதனிடமே விடுங்கள். வலக்கை ஆட்டக்காரர் பந்தை நடுவிலிருந்து இரண்டு பந்து அகலம் இடப்பக்கம் வைத்து, 7 அயனுக்கு வீசுகிற அதே நிதானத்தில் வீசட்டும். இறங்கும்போது எடை இடது காலுக்கு வந்திருக்க வேண்டும். முதலில் பந்து, பிறகு புல். புல் சீவிய தடம் பந்து இருந்த இடத்துக்கு முன்னால் தொடங்கினால் அடி சரி. ஹோகன் பந்தை வாரவில்லை.

கிளப் செய்யும் கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் 35 டிகிரி சுமாருக்கு இருந்த 7 அயனின் முகச் சாய்வு, இன்று பல செட்டுகளில் 30-க்கும் கீழே வந்துவிட்டது. அதே செட்டுகளில் 4 என்று முத்திரை குத்தி விற்பது கிட்டத்தட்ட அந்தக் காலத்து 2 அயன். தூரம் கூடிவிட்டதாகக் காட்ட எண்ணை மாற்றினார்கள். பந்து எழும்பவில்லை என்றதும் பழியை ஆடுகிறவர் கையில் போட்டார்கள். பிறகு செட்டை 5-இலோ 6-இலோ தொடங்கி, விட்ட இடத்துக்கு ஹைப்ரிட் கிளப்பைத் தனி விலைக்கு விற்கிறார்கள்.

பயிற்சித் திடல்களில் புல்லுக்குப் பதில் விரிக்கும் பிளாஸ்டிக் பாய்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பந்துக்குப் பின்னால் அடித்தாலும் கிளப் பாயின்மேல் வழுக்கிப் போய்ப் பந்தைத் தொடும், பந்தும் பறக்கும். தப்பு தெரியவே தெரியாது. அப்படிப் பழகியவர் புல்லில் இறங்கியதும் 4 அயன் காலை வாருகிறது, பழி மறுபடியும் பலத்தின்மேல் விழுகிறது. கூடை கூடையாகப் பந்துக்குக் காசு வாங்கும் திடல்காரர்கள் ஒரு மூலையிலாவது புல்தரையைத் திறந்துவிடட்டும். பிள்ளைகள் நீள அயனை அங்கே அடித்துப் பழகட்டும்.