சாய்தளம் நிலையத்தோடு முடிந்துவிடக் கூடாது

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையிலிருந்து புதிய பேருந்து நிலையம் வரை சமதரை. கோடு கிழித்தாற்போல் நேரான வீதிகள். சக்கர நாற்காலியில் செல்பவருக்கு இத்தனை வாகான நகரம் அமைவது அரிது. ஆனால், அவரே வழக்கமான பேருந்தில் ஏறி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால், தூக்கி ஏற்றவும் இறக்கவும் இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மாற்றுத்திறனாளிகள் 30,000-க்கும் மேல். இவர்களில் பலருக்குச் சொந்த வண்டி கிடையாது. பேருந்தையும் டெம்போவையும்தான் நம்பியாக வேண்டும். பேருந்தின் தளமோ சாலையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரம். டெம்போவில் குனிந்து, எதிரில் இருப்பவரின் முழங்காலைத் தாண்டித்தான் உள்ளே நுழைய முடியும். ஊன்றுகோலை வைக்க இடமில்லை. ‘வில்லியனூர், வில்லியனூர்’ என்று நடத்துநர் கூவுவதே பார்வையற்றவருக்குக் கிடைக்கும் ஒரே அறிவிப்பு. காது கேளாதவருக்கு அதுவும் இல்லை.

சட்டத்தில் குறையில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேருந்து நிறுத்தம், வாகனம், சாலை மூன்றையும் அவர்கள் பயன்படுத்தும் வகையில் அமைப்பது அரசின் கடமை என்கிறது. முன்னுரிமை இருக்கை, கைப்பிடி, ஊன்றுகோல் வைக்கும் வசதி, சக்கர நாற்காலி ஏற வழி ஆகியவற்றைப் பேருந்துகளில் கட்டாயமாக்கும் மோட்டார் வாகன விதித் திருத்தம் 2020 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இத்தகைய வசதிகளுக்கான தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு பிரான்ஸே சாட்சி. 2005-இல் இதே நோக்கில் சட்டம் இயற்றிப் பத்தாண்டுக் கெடு வைத்த அந்த நாடு, 2015-இல் கெடு தவறி மீண்டும் அவகாசம் கொடுத்தது. இங்கும் சட்டம் தானாக வேலை செய்யவில்லை; சென்னையில் 2024-இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதற்குப் பின்னால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த நீண்ட வழக்கு இருக்கிறது. 40 செ.மீ. உயரத் தளம், நிறுத்தத்தின் பக்கம் சாய்ந்து கொடுக்கும் அமைப்பு, மடித்து விரிக்கும் பலகை ஆகியவை கொண்ட அந்தப் பேருந்துகளில் முதியோரும் கர்ப்பிணிகளும்கூடச் சிரமமின்றி ஏறுகிறார்கள். புதுச்சேரிக்கும் அதே உயர் நீதிமன்றம்தான். புதுச்சேரியிலும் யாராவது வழக்குப் போடட்டும் என்று அரசு காத்திருக்கலாமா?

‘சக்கர நாற்காலியில் எத்தனை பேர் வருகிறார்கள்?’ என்று தனியார் பேருந்து உரிமையாளர்கள் கேட்கலாம். ஏற முடியாத வண்டிக்கு யார் வருவார்கள்? செலவு கூடும் என்பது உண்மைதான். அதற்கு மானியமோ வரிச்சலுகையோ தரலாம். ஆனால் செலவைக் காட்டி உரிமையைத் தள்ளிப்போட முடியாது.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தது நல்ல தொடக்கம். ஆனால் நிலையத்துக்குள் சாய்தளமும் வெளியே வரும் பேருந்தில் மூன்று படிகளும் என்றிருந்தால் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலில், புதிய பேருந்து நிலையம் – ஜிப்மர் – கோரிமேடு தடத்தில் தாழ்தளப் பேருந்துகளைக் குறித்த நேரத்துக்கு இயக்க வேண்டும். நோயாளிகள் அன்றாடம் செல்லும் தடம் அது. புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகம் நகர்ப்புறத் தடங்களுக்கு இனி வாங்கும் வண்டி மின்சாரமோ டீசலோ, தாழ்தளமாகவே இருக்க வேண்டும். தனியார் பேருந்துகளின் பர்மிட் ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படுகிறது. அப்போது இந்த வசதிகளை நிபந்தனையாக்க வேண்டும். நிறுத்தங்களில் உடைந்த வாய்க்கால் மூடிகளை மாற்றி, நடைபாதை ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும். பணி முடிந்ததா என்பதை மாற்றுத்திறனாளிகளே ஏறிப் பார்த்துச் சொல்லட்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. எந்தத் தடத்தில், எந்தத் தேதிக்குள் என்ற கால அட்டவணையை முதல்வரும் போக்குவரத்துத் துறையும் உடனே அறிவிக்க வேண்டும்.