ஒப்புக்குச் சப்பாணி

சென்ற மாதம் சென்னையில் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்கு மாடிக் குடியிருப்பு. நடுவில் நல்ல வெளி. அங்கே 'குழந்தைகள் விளையாடக் கூடாது' என்று ஒரு பலகை. பலகைக்குக் கீழே வரிசையாகக் கார்கள். நண்பருக்கு ஏழு வயதில் ஒரு மகன். திங்களன்று அபாகஸ், செவ்வாயன்று ஹிந்தி, புதனன்று கீபோர்டு என்று பையனின் மாலைகளைப் பெருமையோடு அடுக்கினார்.

"விளையாட்டு?" என்று கேட்டேன்.

"அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறேன், ஸார்! சனிக்கிழமை டென்னிஸ் கோச்சிங்."

கோச்சிங் விளையாட்டல்ல என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். பணம் கட்டி, சீருடை மாட்டி, ஒரு பெரியவர் விசில் ஊதியதும் ஓடி, மறுபடி ஊதியதும் நிற்பதற்குப் பெயர் இன்னொரு வகுப்பு. உடம்புக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் குழந்தைகள் தாங்களே நடத்துகிற ஆட்டத்தில் கிடைப்பது அங்கே கிடைக்காது.

தெருவில் ஆடியவர்களுக்கு இது தெரியும். ஆள் பிரித்தது யார்? நாங்களே. கோலி கோட்டைத் தொட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னது யார்? நாங்களே, அரை மணி ஆட்டத்துக்கு ஒரு மணி வழக்கு! அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனை மறுநாள் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாம் நாள் சாதுவாக வந்து நிற்பான். காலையில் 'காய்' விட்டவர்கள் மாலைக்குள் 'பழம்' விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டத்துக்கு ஆள் போதாது.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பு, 'ஒப்புக்குச் சப்பாணி'. அக்காளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுப் பொடியன் ஒருவன் வருவான். அவனை விரட்டினால் அக்காளும் போய்விடுவாள். சேர்த்தால் ஆட்டம் கெடும். குழந்தைகள் கண்ட வழி என்ன? அவனும் ஓடலாம், ஒளியலாம்; பிடிபட்டால் மட்டும் அவுட் இல்லை! பெயர் இன்று காதுக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் அந்த ஏற்பாட்டிலுள்ள கருணையையும் சாமர்த்தியத்தையும் எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கிழவனின் பழம் பெருமை என்று சிரிக்கிறீர்களா? ஸ்விட்ஜர்லாந்து தேசத்து மனோதத்துவ அறிஞர் ழான் பியாஜே, சிறுவர்களிடம் கோலியாட்டத்தின் விதிகளைத் துருவித் துருவிக் கேட்டார். குழந்தைக்கு நியாய உணர்ச்சி எப்படி உண்டாகிறது என்று 1932-ல் ஒரு புத்தகமே எழுதினார். சின்னஞ்சிறுசுகளுக்கு விதி என்பது பெரியவர்கள் இட்ட கட்டளை, மாற்றவே கூடாது. பத்து வயதைத் தாண்டியவர்களோ, எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்கிறார்கள். சமவயதுப் பிள்ளைகளோடு பழகிப் பழகி வருகிற ஞானம் அது. அபாகஸில் வராது.

1989-ல் ஐக்கிய நாடுகள் சபை, குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவில் விளையாட்டையும் உரிமையாகச் சேர்த்தது. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றது. அப்படி ஏற்ற தேசத்தில்தான் அந்தப் பலகை தொங்குகிறது!

"தெருவில் லாரி ஓடுகிறதே?" என்பார்கள். உண்மை. பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பப் பயப்படுகிற தாயாரை நான் குறை சொல்ல மாட்டேன். மதிலும் காவலாளும் உள்ள இடத்தில், கார்க் கண்ணாடிமேல் பந்து பட்டுவிடும் என்று பலகை மாட்டினார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன்.

விடைபெறும்போது நண்பரைக் கேட்டேன்: "இந்தக் கட்டடத்தில் உங்கள் பையன் வயதில் எத்தனை பிள்ளைகள்?"

அவருக்குத் தெரியவில்லை. பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை.