சிறுவர்களும் குங்ஃபூவும்

வெள்ளாற்றங்கரையிலுள்ள திட்டக்குடி போன்ற சிறு நகரங்களின் பெற்றோரும் தங்கள் இளங்குழந்தைகளைக் குங்ஃபூ, கராத்தே வகுப்புகளுக்கு அனுப்ப விரும்பும் காலம் இது. இவ்விருப்பத்தை நாம் மனமார வரவேற்கிறோம். தேகபலமும் தைரியமுமில்லாத கல்வி அரைக் கல்வியேயாகும்.

இது அந்நிய வித்தையாயிற்றே என்று முகஞ்சுளிப்போர் சிலர். காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மரே சீனருக்கு இதைக் கற்பித்தாரென்று பெருமை பேசுவோர் வேறு சிலர். பின்னதற்கு உறுதியான சரித்திர ஆதாரமில்லை. அப்பெருமை நமக்கு அவசியமுமில்லை. நல்ல வித்தை எங்கிருந்து வந்தாலும் கொள்ளத்தக்கதே. நமது சிலம்பமும் 2024-ம் வருஷம் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இரண்டும் அருகருகே வளரட்டும்.

நமது கவலை வித்தையைப் பற்றியதன்று, வியாபாரத்தைப் பற்றியது. வர்ணப் பட்டைகள் குங்ஃபூவின் பழைய மரபைச் சேர்ந்தவையல்ல. 1882-ம் வருஷம் ஜப்பானில் ஜிகோரோ கானோ ஸ்தாபித்த ஜூடோவிலிருந்து பரவிய முறை அது. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பரீட்சை, ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு கட்டணம் என்று ஏற்பட்டுவிட்டால், கூலி வேலை செய்யும் தகப்பன் வாங்குவது வித்தையா, துணியா?

ஓடுடைக்கும் வேடிக்கை இன்னும் கொடிது. பால்யத்தில் எலும்பின் முனையருகே வளரும் பாகம் மிருதுவான குருத்தெலும்பாகவே இருக்கிறது. அங்கே பலமாக அடிபட்டால் வளர்ச்சியே குன்றக்கூடும். கைதட்டலுக்காகக் குழந்தையின் கையைப் பணயம் வைப்பது வீரமாகாது.

எல்லாவற்றினும் முக்கியமான கேள்வி, ஆசிரியர் யார் என்பதே. கிருஷ்ணகிரி ஜில்லாவில் தேசிய மாணவர் படையின் பெயரால் நடந்த போலி முகாமில் சிறுமி பலாத்காரத்துக்கு இரையான செய்தி 2024 ஆகஸ்டில் நாட்டையே பதறவைத்தது. ஒரு சீருடையும் ஒரு விசிலும் இருந்தால் போதும், குழந்தைகளை ஒப்படைத்துவிடலாம் என்ற நமது அசட்டையல்லவா அதற்கு இடங்கொடுத்தது?

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை: பயிற்சியாளரின் தகுதியையும் நடத்தையையும் விசாரித்தறிந்து, மாவட்ட விளையாட்டு அலுவலகம் பெயர்ப்பட்டியல் வெளியிடவேண்டும். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கும்படி வகுப்பு திறந்திருக்கவேண்டும். கட்டண விவரம் முன்கூட்டியே எழுதித் தரப்படவேண்டும். சர்க்கார் பள்ளிகளில் மாணவிகளுக்குச் சில மாதங்களே அளிக்கப்படும் தற்காப்புப் பயிற்சி, இருபாலாருக்கும் வருஷம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கவேண்டும்.

திட்டக்குடியிலும் சுற்றுக் கிராமங்களிலுமுள்ள ஊழியர்கள் இதற்குச் சர்க்காரின் உத்தரவை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. வகுப்பு நடக்குமிடத்துக்கு இன்று மாலையே சென்று விசாரிக்கலாம். குழந்தைக்குத் தற்காப்பு கற்பிக்குமுன் குழந்தையைக் காப்பது நமது கடமை.