அணை உடைந்தால் ஆண்டவன் குற்றவாளியா?

"அணை உடைந்து ஊர் அழிந்தால் யாருக்கு ஐயா தண்டனை?" வகுப்பிலே ஒரு சிறுவன் கேட்டான். விடை தேடிச் சட்ட நூல்களைப் புரட்டினேன். அங்கே நின்றவர் யார் தெரியுமா, தோழர்களே? சாட்சாத் கடவுள்!

இங்கிலாந்திலே 1860-இல் ஓர் ஆலை முதலாளியின் நீர்த்தேக்கம் உடைந்து, அண்டை நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. கேடு விளைக்கும் பொருளைத் தன் நிலத்தில் தேக்கியவன், அது தப்பினால் விளையும் நட்டத்துக்குப் பொறுப்பாளி; அவனது கவனக்குறைவை மெய்ப்பிக்கவும் வேண்டியதில்லை. ரைலண்ட்ஸ் – பிளெட்சர் வழக்கில் 1868-இல் பிரபுக்கள் சபை உறுதிசெய்த நெறி இது. நல்ல நீதி! ஆயுளோ எட்டே ஆண்டு. ஓடையை மறித்துக் கட்டிய அழகுக் குளங்கள் பெருமழையில் உடைந்து நான்கு பாலங்களை அடித்துச் சென்றன. 1876-இல் நிக்கல்ஸ் – மார்ஸ்லாண்ட் வழக்கில் குளத்துக்குரியவர் விடுவிக்கப்பட்டார். பெருமழை 'கடவுளின் செயல்' என்றது மன்றம். மழை வானத்தது; மறித்த கரை யாருடையது?

கடல் கடந்த கதைதானே என்று அமைதியுறாதீர்கள். 1979 ஆகஸ்ட் 11 அன்று குசராத்தின் மச்சு-2 அணை உடைந்தது. மோர்பி நகரம் மூழ்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். விசாரணைக் குழு அமைந்தது. பணி முடியுமுன்பே கலைக்கப்பட்டது. 2019 சூலை 2 இரவு மராட்டியத்தில் திவரே அணை உடைந்து உழவர் குடும்பங்கள் மடிந்தன. அமைச்சர் கண்ட குற்றவாளி யார்? நண்டுகள்! ஆண்டவன் போய் நண்டு வந்தது; மனிதன் மட்டும் கூண்டில் ஏறவில்லை.

2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அரசாயினும் நிறுவனமாயினும், அணையை உடைமையாகக் கொண்டோர் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பாதுகாப்புப் பிரிவு அமைக்க வேண்டும். பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்ய வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த 5 ஆண்டுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் வகுக்க வேண்டும். சட்டப்படி இட்ட ஆணையை மறுத்தால் ஓராண்டு வரை சிறை; அதனால் உயிர் போனால் ஈராண்டு வரை. வரவேற்கிறோம்! ஆனால் வீடிழந்தவனுக்கு இழப்பீடு? அதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. அவன் பழைய வழக்குமன்றப் படியேற வேண்டும். அங்கே பழைய கடவுள் காத்திருக்கிறார்.

வழி இல்லையா? இருக்கிறது. தில்லித் தொழிற்சாலையொன்றின் நச்சுப் புகை வழக்கில், 1986-இல் உச்சநீதிமன்றம், அபாயத் தொழில் நடத்துவோர்க்கு எந்த விலக்கும் கிடையாது என்றது. அங்கே கடவுளுக்கு இடமில்லை. நச்சுக் காற்றுக்குரிய நெறி, மலையளவு நீருக்கு ஆகாதா? அதையே அணைக்கும் சட்டமாக எழுதுக. இழப்பீட்டையும் உடன் எழுதுக என்கிறோம்.

அதுவரை வாளாவிருப்பதா? இளைஞர்களே! உங்கள் ஊருக்கு மேலே எந்த அணை நிற்கிறது? மழைக்கு முன் ஆய்ந்தார்களா? அவசரகாலத் திட்டம் எங்கே? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் உங்கள் கையில் இருக்கிறது. எழுதிக் கேளுங்கள், விடையை ஊர் மன்றத்தில் படியுங்கள். கரையில் விரிசல் கண்டால் கற்பூரம் ஏற்றாதீர்கள், பொறியாளரை அழையுங்கள்.

அணையைக் கட்டியவன் மனிதன். காக்க வேண்டியவனும் அவனே. தவறினால் பதில் சொல்ல வேண்டியவனும் அவனே!